கிளைக் கிராமத்து ஊருணி: கத்தோலிக்கப் பங்கு எதைச் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது?

புஞ்சைக்காடு (இழையைத் தொடங்கியவர்)

தேவகோட்டைக்குக் கிழக்கே, பங்குக் கோவிலிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிளைக் கிராமம். மொத்தம் 140 வீடு. அன்பியக் கூட்டத்துக்கு (பங்கு மக்களின் தெருவாரிக் கூட்டம்) வருவது 38 வீடு, மற்றவை இந்து, முஸ்லிம் குடும்பங்கள். ஊருணி மேல் அளவு 160 அடிக்கு 130 அடி. அடியில் மூன்றடிக்கு மேல் வண்டல். கரை முழுக்கச் சீமைக்கருவேல். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருது, ஆனா வாரத்துக்கு ரெண்டு நாள்தான். போர் தண்ணி வாயில் வைக்க முடியாத உப்பு.

தவக்கால உண்டியல், சிங்கப்பூரில் இருக்கிற ஊர்க்காரங்க காசு, மறைமாவட்டச் சமூகப்பணி சங்கம், மூன்றையும் சேர்த்துத் தூர் வாரலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு. ஒரு தரப்பு, உப்பு நீக்குகிற ஆர்.ஓ. பிளான்ட் போட்டால் போதும் என்கிறது. கணக்கு, அனுமதி, தொழில்நுட்பம் எல்லாவற்றிலும் விஷயம் தெரிஞ்சவங்க கருத்து வேணும்.

---

வரத்துக்கால்

ஜே.சி.பி.க்குப் போன் பண்ணுவதற்கு முன்னால் காகிதத்தில் தண்ணிக் கணக்கைப் போடுங்க. முக்கால்வாசி ஊருணி வேலை இதில்தான் கெட்டுப்போகுது.

உங்க அளவு மீட்டரில் ஏறக்குறைய 50க்கு 40. கரைச் சரிவு 1:2, தண்ணி நிற்கும் ஆழம் 2.5 மீட்டர் என்று வைத்தால் அடி 40க்கு 30 ஆகும். கொள்ளளவு சுமார் 3,950 கனமீட்டர்.

செலவுப் பக்கம்: வீட்டுக்கு நாலு பேர் என்று 560 பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லிட்டர், ஆக ஒரு நாளைக்கு 4.5 கனமீட்டர். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 270 நாளைக்கு 1,215. இது சின்னத் தொகை. வெயில் குடிப்பதுதான் பெருசு. சராசரி தினம் 6 மி.மீ. வீதம் 250 நாளைக்கு 1.5 மீட்டர் ஆவியாகும், அதாவது 2,400 கனமீட்டர். ஊர் குடிப்பதைப் போல ரெண்டு மடங்கு. இதோடு தினம் 2 மி.மீ. அடியில் கசிந்தால் இன்னொரு 750. கூட்டினால் 4,365. உங்க கொள்ளளவைத் தாண்டியாச்சு, ஆகஸ்டில் சேறுதான் மிச்சம்.

கசிவை அடைத்தால் வருஷம் ஓடும், விட்டால் ஓடாது. அகலப்படுத்துவது வீண் வேலை, வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் பந்தி விரிக்கிற கதை. ஆழம்தான் உதவும், அதுவும் களிமண் தாங்குகிற வரைக்கும்.

வரவு: 10 ஏக்கர் நீர்ப்பிடிப்பு இருந்தால், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் 450 மி.மீ. மழை, அதில் நாலில் ஒரு பங்கு ஓடி வருது என்றால் 4,500 கனமீட்டர். நிரம்பும். ஆனா அந்த 10 ஏக்கருக்கும் ஊருணிக்கும் நடுவில் மழைத் தண்ணியைக் கொண்டுவருகிற வரத்துக்கால் உயிரோடு இருக்கா? பாதி ஊரில் அதன்மேல் சிமெண்ட் ரோடு ஏறியிருக்கும். மழை பெய்யும்போது குடை பிடித்து நடந்து பாருங்க, தண்ணி எங்கே திரும்புதுன்னு கண்ணால தெரியும். வரத்து செத்த ஊருணியைத் தூர் வாரினால் பெரிய பள்ளம் கிடைக்கும், அவ்வளவுதான்.

---

நல்லதண்ணி

ஆர்.ஓ. தரப்பு நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்க. ஊருணியில் மாடு இறங்கும், துணி துவைப்பாங்க. இந்தக் காலத்தில் யார் குடிப்பாங்க? பிளான்ட் என்றால் ஒரே மாசத்தில் வேலை முடியும், கேன் பிடிச்சுட்டுப் போவாங்க. நன்கொடை கொடுத்தவருக்கும் காட்ட ஒரு பொருள் இருக்கும்.

---

சேந்துகிணறு

கடைசி வரிதான் உண்மைக் காரணம். ஆர்.ஓ.வை நான் முழுசா மறுக்கலை, எந்தத் தண்ணிக்கு என்பதுதான் கேள்வி.

ஊருணித் தண்ணி மழைத் தண்ணி, அதில் உப்பு குறைவு. கலங்கலும் கிருமியும்தான் சிக்கல். கலங்கல் தண்ணியை ஆர்.ஓ.வில் விட்டால் மெம்பரேன் சில மாசத்தில் அடைத்துக்கொள்ளும். உப்பு போர் தண்ணிக்கு ஆர்.ஓ. சரி. ஆனா கணக்குப் பாருங்க: 560 பேருக்குக் குடிக்க மட்டும் ஆளுக்கு 4 லிட்டர் என்றால் 2,240 லிட்டர். உள்ளே விட்டதில் 45 சதவீதம்தான் நல்ல தண்ணியாக வரும் என்றால், ஏறக்குறைய 5,000 லிட்டர் இறைக்கணும், 2,750 லிட்டர் கழிவு உப்புத் தண்ணி தினமும் வெளியே போகும். எங்கே விடுவீங்க? பக்கத்தில் இருக்கிற ஊருணிக்கே குழாய் போட்டு விடுகிற புண்ணியவான்கள் இருக்காங்க. அதோட அந்த ஊருணி கதை முடிஞ்சது.

முதலில் ரெண்டு சாம்பிளை, போர் ஒன்று, ஊருணி ஒன்று, குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுங்க. இந்தியத் தர அளவுப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. ஃப்ளூரைடு 1 மி.கி. வரை, வேறு வழி இல்லைன்னா 1.5. போர் தண்ணி 2,000க்குள் இருந்தால் அது புழக்கத்துக்கு, ஊருணி குடிக்க. பல ஊருக்கு இந்தப் பிரிவே போதும்.

---

யூனியன் ஆபீஸ்

அனுமதி பத்திச் சொல்றேன். ஊருணி புறம்போக்கு நிலம், ஊராட்சி பராமரிப்பு. கோவில் பக்கத்தில் இருக்கு, கோவில்காரங்க வெட்டினது என்று வாய்வழி வரலாறு ஆயிரம் இருக்கலாம். 'அ' பதிவேடும் (நிலம் யாருடையது, என்ன வகை என்கிற வருவாய்த்துறைப் பதிவு) புலப்படமும் என்ன சொல்லுதோ அதுதான். வி.ஏ.ஓ.விடம் நகல் வாங்கி, பிர்க்கா சர்வேயரை வைத்து எல்லைக் கல் போட்ட பிறகு மிச்ச வேலை.

பங்குத்தந்தை லெட்டர்பேடில் பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) நேரடியா மனு கொடுக்கிறது நல்ல வழி இல்லை. கிராம சபைத் தீர்மானம் வேணும். மார்ச் 22, தண்ணீர் தினக் கிராம சபை, இதற்கென்றே அமைஞ்ச நாள். அதை விட்டால் மே 1. மே 1-ஐயும் விட்டால் ஆகஸ்ட் 15, அதற்கப்புறம் மழைதான். தீர்மானத்தில் சர்வே எண், வேலை விவரம், செலவு யாருடையது, வேலை முடிஞ்சதும் சொத்து ஊராட்சிக்கே என்பது நாலும் எழுத்தில் இருக்கணும்.

வண்டல் வெளியே போனால் கனிமவள விதி வரும். மாவட்ட அரசிதழில் வெளியான நீர்நிலைப் பட்டியலில் உங்க ஊருணி இருந்தால்தான் விவசாயத்துக்கு இலவசமா எடுக்கலாம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி கொடுக்கிறார். நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90. நீங்க ஒரு மீட்டர் வண்டல் எடுத்தால் 1,350 கனமீட்டர், அதாவது 15 ஏக்கர் புஞ்சைக்காரங்க சிட்டாவோட மனு போடணும். பட்டியலில் இல்லைன்னா மண்ணைக் கரைக்கு மட்டும் போடுங்க, ஒரு டிப்பர்கூட ரோட்டில் ஏற வேண்டாம். "கோவில் வேலைதானே" என்று ஏற்றி, வண்டி ஸ்டேஷனில் நின்ன கேஸ் ஏராளம்.

இன்னொன்று, கருவேல் விறகு. அது ஊராட்சிச் சொத்து, ஏலம் விடணும். பங்கு விற்று அந்தக் காசை ஊருணிக்கே போட்டாலும் புகார் வரும்.

---

கணக்கப்பிள்ளை

பணம் மூன்று இடத்திலிருந்து வருது என்று எழுதியிருக்கீங்க. மூன்றும் மூன்று சாதிப் பணம், ஒரே டப்பாவில் போடக் கூடாது.

சிங்கப்பூர் காசு: அனுப்புகிறவர் கையில் எந்த பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்க. இந்திய பாஸ்போர்ட் வைத்து அங்கே சம்பாதிக்கிறவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத பங்கு அதைத் தொடவே கூடாது. செட்டிநாட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வெளியே இருப்பதால் இங்கே சறுக்குகிறவங்க அதிகம். தம்பி கணக்குக்கு அனுப்பி, தம்பி உண்டியலில் போடுகிற சுற்றுவழியும் வேண்டாம்.

சங்கத்துப் பணம்: 2020 திருத்தத்துக்குப் பிறகு எஃப்.சி.ஆர்.ஏ. பணத்தை ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. முன்னே மாதிரி சங்கம் பங்குக்கு செக் கொடுத்து, பங்கு செலவு பண்ணி பில் அனுப்புகிற பழக்கம் செல்லாது. சங்கமே நேரடியா ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கணும், பில் சங்கத்தின் பெயரில் இருக்கணும். அந்தப் பணம் புதுதில்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்கும், அங்கிருந்து பயன்பாட்டுக் கணக்குக்கு வரவே நாளாகும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள். டீசலுக்கு இன்றே காசு வேணும் என்றால் இந்தப் பணம் கைக்கு வராது. அதனால் இதைத் தண்ணி சேந்துகிற கிணறு, வடிகட்டி மாதிரி ஒரே பில்லில் முடியும் வேலைக்கு ஒதுக்குங்க.

உண்டியல் காசு: தினக்கூலி, டீசல், சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் நிதிக்குழுவில் ரெண்டு பேர் முன்னால் எண்ணி, அன்றைக்கே ரசீது.

'நமக்கு நாமே' திட்டத்தில் போனால் ஊர்ப் பங்கு மூன்றில் ஒன்று, ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒன்று. மீதி அரசு. உங்ககிட்ட இருப்பது கொஞ்சக் காசு என்றால் இதுதான் லாபமான வழி. ஆனா அந்த வேலையையே நூறு நாள் வேலைக் கணக்கிலும் யாராவது எழுதிவிடாமல் பார்த்துக்கணும். ஒரே பள்ளத்துக்கு, முடிஞ்ச வேலையை அளந்து பதிகிற அளவைப் புத்தகம் ரெண்டு இருந்தால் தணிக்கையில் ஊராட்சியும் மாட்டும், நீங்களும் மாட்டுவீங்க.

---

பழைய உபதேசியார்

எல்லாரும் மண்ணையும் காசையும் பேசுறீங்க. நான் மே மாசத்தைப் பத்திச் சொல்றேன். மறைமாவட்டத்தில் குருக்கள் மாற்றம் பெரும்பாலும் மே, ஜூனில் வரும். தூர் வாரும் காலமும் அதே மே, ஜூன்தான். பாதி வெட்டின நிலையில் ஃபாதர் மாறினால், புது ஃபாதர் வந்து கணக்கைப் புரிஞ்சுக்க ரெண்டு மாசம், அதற்குள் ஆடி, ஆவணி, அடுத்தது மழை. ஆகவே வேலை அவர் பெயரில் நிற்கக் கூடாது. ஊருணிக் குழு ஒன்பது பேர், அதில் நாலு பேராவது பெண்கள், எல்லாத் தெருவிலிருந்தும். 38 வீட்டுக்கு மூன்று இடம் போதும். ஏழு பேர் இருந்தாலே சங்கமாகப் பதியலாம், பதிஞ்சால் வங்கிக் கணக்கு சுலபம். கையெழுத்து மூன்று பேரில் எவராவது இருவர். ஃபாதர் மூன்றில் ஒருவராக வேண்டுமானால் இருக்கட்டும், இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

படித்துறையில் சிலுவை, கெபி (சொரூபம் வைக்கிற குகை மாடம்), "இன்னார் நினைவாக" கல்வெட்டு, எதுவும் வேண்டாம். ஊராட்சிப் பலகை மட்டும். திறப்பு அன்றைக்கு ஊர் வழக்கப்படி அவங்க பொங்கல் வைக்கட்டும், நாம நன்றித் திருப்பலியை நம்ம கோவிலில் வைத்துக்கொள்வோம். தண்ணிக்கு ஒரு பெயர் ஒட்டினால் மறுநாளே "அவங்க ஊருணி" ஆகிவிடும். 102 வீடு ஒதுங்கினால் யாருக்காக வெட்டினது?

---

நல்லதண்ணி

இது கொஞ்சம் அதிகமில்லையா அண்ணே? உழைப்பும் காசும் நம்மது, பெயர்கூடப் போடக் கூடாதா? சி.எஸ்.ஐ. சபைகளில் போர்டு வைக்கிறாங்களே.

---

பழைய உபதேசியார்

அவங்க பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வைக்கிறாங்க, அது அவங்க பட்டா நிலம். இது புறம்போக்கு. காசு விவரத்தை எழுத ஆசையா இருந்தால் ஊராட்சி வரவு செலவுப் பலகையில் ஒரு வரியாக வரட்டும், "பங்கு மக்கள் ரூ. இவ்வளவு" என்று. அது போதும் தம்பி.

---

வரத்துக்கால்

மண் சோதனை யாரும் கேட்கலை, நானே சொல்றேன். ஊருணி அடியில் மூன்று இடத்தில் ரெண்டடி அகலத்தில் குழி, வண்டலைத் தாண்டிக் களிமண் தெரியும் வரைக்கும். சாயங்காலம் தண்ணி நிரப்பி, ஒரு தடவை உறிஞ்ச விட்டு மறுபடியும் நிரப்பி, விளிம்பில் ஆணி அடித்து, காலையில் எவ்வளவு இறங்கியிருக்கு என்று பாருங்க. ஒரு விரல்கட்டைக்குள் இருந்தால் நல்ல களி. குழியே காலியாகியிருந்தால் அங்கே மணல் கண் இருக்கு.

கடப்பாரையில் குத்தி, களிப் படலம் எவ்வளவு தடிமன் என்பதும் தெரியணும். தோண்டி முடிச்ச பிறகு அடியில் ரெண்டடிக் களியாவது மிச்சம் இருக்கணும். இதைப் பார்க்காமல், "இன்னும் ரெண்டடி போடுப்பா" என்று ஆபரேட்டரிடம் சொல்வதுதான் இந்த வேலையிலேயே பெரிய தப்பு. தேவகோட்டைக்குக் கிழக்கே களிக்குக் கீழே உப்பு ஊறும். படலம் கிழிஞ்சால் ஒன்று தண்ணி இறங்கும், இல்லை உப்பு ஏறும். கானாடுகாத்தான், கொத்தமங்கலம் பக்கம் கதை வேறு, செம்புறாங்கல்லும் சரளையும். அங்கே அடிக்குக் களி கொண்டுவந்து போடணும்: ஒரு அடி தடிமன், அரை அடி அரை அடியாக ரெண்டு அடுக்கு, ஒவ்வொன்றையும் நனைச்சு ரோலர் விட்டு. மொத்தமா ஒரே அடுக்கில் கொட்டினால் மேல்புறம் இறுகும், அடி பொக்கையாகவே இருக்கும்.

வேலை வேகம்: 1,350 கனமீட்டர் என்றால் சுமார் 480 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), மூன்று யூனிட் டிப்பரில் 160 நடை. ஒரு நாளைக்கு 30 நடை போனால் ஆறு நாளில் முடியும். கொட்டும் இடம் தூரமா இருந்து டிப்பர் ரெண்டே இருந்தால் ஜே.சி.பி. சும்மா நிற்கும், மணிக்கணக்கு மட்டும் ஓடும். நடைக்கு ஒரு டோக்கன், இரண்டு இடத்திலும் எண்ணிக்கை. கருவேலை மேலே வெட்டாதீங்க, வேரோடு பிடுங்கி, குழியை மண் போட்டுக் கெட்டிக்கணும். விட்ட வேர் அழுகினால் அதுவே கரையில் குழாய் மாதிரி வழி விடும்.

உபரி போக கலிங்கு. 10 ஏக்கர், மணிக்கு 50 மி.மீ. மழை, அதில் ஐந்தில் ரெண்டு பங்கு ஓடி வருது என்றால் வினாடிக்குச் சுமார் 220 லிட்டர் வரும். கலிங்கின்மேல் 20 செ.மீ. தண்ணி ஏறலாம் என்றால் ஒன்றரை மீட்டர் அகலம் கணக்குக்கு வருது, ரெண்டு மீட்டராகக் கட்டுங்க. கரை உச்சி, முழு நீர்மட்டத்துக்கு மேலே ரெண்டடி. வரத்து நுழையும் வாயில் ஒரு வண்டல் தொட்டி, 2 மீட்டர் நீளம், ஒன்றரை அகலம், கால்வாய் மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழம். முன்னால் ஒரு அங்குல இடைவெளியில் கம்பி. பிளாஸ்டிக் பை அதில் நிற்கும். ஐப்பசியில் ஒவ்வொரு பெரிய மழைக்கும் பிறகு யாராவது அதை அள்ளணும், யார் என்று இப்போதே பெயர் எழுதுங்க.

---

சேந்துகிணறு

குடம் நேரா ஊருணியில் இறங்கக் கூடாது. கரையோரம் ஆறடி விட்டத்தில் உறைக் கிணறு, அடி ஊருணி அடியைவிட ஒரு மீட்டர் கீழே. ஊருணிக்கும் கிணற்றுக்கும் நடுவில் வடிகட்டித் தொட்டி: கீழே 40 மி.மீ. ஜல்லி 20 செ.மீ., அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி 15 செ.மீ., அதன்மேல் பொடி ஜல்லி 15 செ.மீ., மேலே பெருமணல் 60 செ.மீ. தொட்டிக்கு முன்னால் ஒரு கேட் வால்வு கட்டாயம். வால்வு இல்லாத வடிகட்டியைக் கழுவ ஊருணி வற்றும்வரை காத்திருக்கணும், அதனால் யாருமே கழுவுவதில்லை.

மணலைப் பத்தி: எம்-சாண்டை அப்படியே கொட்டினால் கல்தூள் இறுகி முதல் வருஷமே அடைக்கும். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணி, குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்க. மேலே பால் மாதிரிப் படலம் படிஞ்சால் இன்னும் அலசணும். வருஷம் ஒரு தடவை, சித்திரையில், மேல் ரெண்டு அங்குல மணலைச் சுரண்டி எடுத்துக் கழுவிப் போடணும்.

கிணற்றில் ரெண்டு மீட்டர் தண்ணி நின்றால் 5,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் 12.5 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிஞ்ச பிறகு தெளிவை மட்டும் ஊற்றணும். ஒரு மணி நேரம் கழித்து குளோரோஸ்கோப்பில் (தண்ணியில் மிச்ச குளோரினை அளக்கிற கருவி) லிட்டருக்கு 0.5 மி.கி. காட்டணும். காட்டலைன்னா பவுடர் செத்திருக்கும், பிரிச்ச மூட்டை மழைக்காலத்தில் சீக்கிரம் வீரியம் இழக்கும். சின்னப் பாக்கெட்டா வாங்குங்க.

கிணற்றை மூடி போட்டு மூடி, மேலே கைப்பம்பு வையுங்க. ஆளுக்கொரு கயிறு, வாளி இறக்கினால் அழுக்கு ஒரு பக்கம். எந்தத் தெரு வாளி முதலில் இறங்கணும் என்கிற சண்டை இன்னொரு பக்கம். கைப்பம்புக்கு அந்தக் கேள்வியே இல்லை. குழுவில் யாரும் வெளிப்படையாச் சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

---

யூனியன் ஆபீஸ்

ஒன்று விட்டுப்போச்சு. மீன்பாசி ஏலம். தண்ணி நின்னதும் குத்தகைக்கு விடலாம் என்று பேச்சு வரும், ஊராட்சிக்கும் வருமானம். குத்தகைக்காரர் கோழிக் கழிவைத் தீனியாகக் கொட்டினால் குடிநீர் கதை அன்றோடு சரி. "குடிநீர் ஊருணி, மீன் குத்தகை கிடையாது" என்று அதே தீர்மானத்தில் ஒரு வரி சேருங்க. மாட்டுக்குத் தனிக் குட்டை இல்லாமல் வேலி மட்டும் போட்டால், ஆறு மாசத்தில் வேலியை ஊர்க்காரங்களே பிரிப்பாங்க.

---

கணக்கப்பிள்ளை

மாசச் செலவு: பவுடர், பம்பு வாஷர், பார்த்துக்கிறவருக்குச் சிறு தொகை. வீட்டுக்கு 20 ரூபாய் என்றால் 140 வீட்டுக்கு 2,800. முதல் மாசத்திலிருந்தே வாங்குங்க. ஒரு வருஷம் இலவசமா ஓட்டிட்டு அப்புறம் கேட்டால் யாரும் தர மாட்டாங்க. பங்கு மொத்தமும் ஏற்றுக்கொள்வதும் தப்பு.

---

நல்லதண்ணி

சரி, ஆர்.ஓ.வை விடுறேன். கோவில் கூரைத் தண்ணியையாவது பிடிக்கலாமா? 80 அடிக்கு 30 அடி, ஓட்டுக் கூரை.

---

வரத்துக்கால்

அது உங்க நிலம், உங்க கூரை, தாராளமா. 223 சதுர மீட்டர், விழுவதில் 80 சதவீதம் பிடிபட்டால் ஒரு மி.மீ. மழைக்கு 178 லிட்டர் சேரும். 30,000 லிட்டர் தொட்டி 170 மி.மீ. மழையில் நிரம்பும். முதல் மழையின் முதல் 200 லிட்டரை ஒரு பேரலில் தனியாத் திருப்பி விடணும், அதில்தான் மணிக்கூண்டுப் புறா எச்சம் எல்லாம் இருக்கும். குழாயைக் கோவில் சுவருக்கு வெளியே, தெருப் பக்கம் வையுங்க.

---

புஞ்சைக்காடு

எல்லாருக்கும் நன்றி. 'அ' பதிவேடு நகலுக்கு வி.ஏ.ஓ.விடம் சொல்லியாச்சு. மார்ச் 22 தீர்மானத்துக்கு வாசகம் தயாராகுது, மீன் வரியையும் சேர்த்தாச்சு. குழிச் சோதனை வர்ற சனிக்கிழமை. தண்ணி நின்ன பிறகு கசிவு அடைஞ்சதா இல்லையா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?

---

வரத்துக்கால்

தூர் வாரும்போதே நடுவில் ஒரு அளவுக்கல் நட்டு, செ.மீ. கோடு போட்டு பெயிண்ட் அடிச்சிடுங்க. மழை விட்ட பிறகு, பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே நேரத்தில் மட்டத்தை நோட்டில் எழுதணும். பிப்ரவரியில் வாரத்துக்கு வெயிலுக்கு மூன்றரை செ.மீ., ஊர் குடிக்க ஒன்றே முக்கால், ஆக ஐந்தேகால் செ.மீ. இறங்கினால் சரி. சித்திரையில் ஏழு வரை போகும். பிப்ரவரியிலேயே எட்டைத் தொட்டால் எங்கேயோ ஒழுகுது. கரையின் வெளிப்பக்கம் காலையில் நடந்து பாருங்க, மற்ற இடம் காய்ஞ்சு கிடக்க ஒரே ஒரு இடத்தில் புல் பச்சையா நிற்கும்.